ஈழத்துப் பேச்சு வழக்கும் ஊர்ப் பெருமையும்

நேயர்களே, உங்கள் எதிரே ஒரு வானொலிப் பெட்டி இருக்கின்றது. அதனைக் குறித்து நான் ஒரு சொற் சொல்லவேண்டுமாயின், 'இது' என்று சொல்ல இயலாது. அஃது என் பக்கத்தில் இல்லை. 'அது' என்பதும் பொருந்தாது. அது நம் இருவருக்கும் அப்பாற்பட்ட பொருளன்று. உங்களுக்கு அணித்தாயும் எனக்குச் சற்றே சேய்மையிலும் இருக்கும் அப்பொருளை யாழ்ப்பாணத்திற் பிறந்த எவரும் தயக்கமின்றி 'உது' என்பர். 'உதைக் கொஞ்சம் குறைச்சு விடுங்கோ' என்று அடுத்த அறையிலிருந்து எழும் குரலிலும் அந்த உகரமே நிற்கின்றது.

இவ்வுகரச் சுட்டு நேற்று முளைத்ததன்று. அ, இ, உ என்னும் மூன்றும் சுட்டு என்பது தொல்காப்பியர் விதி. தமிழ்நாட்டுப் பேச்சிலே இம்மூன்றனுள் ஒன்று வழக்கொழிந்து போயிற்று. அங்குள்ள மாணவன் உகரச் சுட்டினை இலக்கண நூலிற் படித்து மனனஞ் செய்தல் வேண்டும். வடமராட்சியிலே என் பாட்டி எழுத்தறியாதவர். தொல்காப்பியம் என்ற பெயரையும் அவர் கேட்டிருக்க நியாயமில்லை. ஆயினும் 'உவன்', 'உவள்', 'உங்கை', 'உப்பிடி' என்ற சொற்கள் அவர் வாயிலே நாள்தோறும் பிழையின்றிப் பிறந்தன.

இத்தகைய செய்தியைக் கேட்டவுடன் நம்மவர் பலருக்கு மார்பு சற்றே விரிதல் இயல்பு. 'எங்கள் தமிழே தூய தமிழ்' என்று யாழ்ப்பாணத்தார் சொல்லக் கேட்டிருக்கிறோம். மட்டக்களப்பார் சொல்லவும் கேட்டிருக்கிறோம். மதுரையாரும் தஞ்சையாரும் தத்தமக்கு அவ்வுரிமை கோருவர். இப்பெருமை எங்கிருந்து வந்தது, இது யாரை நிமிர்ந்து பேசச் செய்தது, யாரை வாயடைத்து நிற்கச் செய்தது என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

வழக்கு மிகப் பழையது. செந்தமிழ் வழங்கும் நிலம் ஒன்றுண்டு என்றும், அதனைச் சேர்ந்து பன்னிரண்டு நிலங்கள் உள்ளன என்றும், அப்பன்னிரு நிலத்தாரும் தத்தம் குறிப்பினவாக வழங்கும் சொற்கள் திசைச்சொல் எனப்படும் என்றும் தொல்காப்பியர் கூறினார். செந்தமிழ் நிலம் எது என்று அவர் எல்லை கூறவில்லை. எல்லை வகுக்கும் வேலையை உரையாசிரியர்கள் மேற்கொண்டார்கள். அன்று தொடங்கிய வாதம் இன்னும் ஓயவில்லை. வையையாற்றுக்கு வடக்கும், மருதயாற்றுக்குத் தெற்கும், கருவூருக்குக் கிழக்கும், மருவூருக்கு மேற்குமாகிய நிலமே செந்தமிழ் நிலம் என்பது பலரும் எடுத்தாளும் எல்லை. இதனை நிலப்படத்தில் வைத்துப் பார்ப்பவருக்கு ஒரு வியப்புக் காத்திருக்கின்றது. மதுரை மாநகரின் பழைய நகர் வையையின் தென்கரையிலே உள்ளது. சங்கம் வைத்துத் தமிழ் வளர்த்ததாகப் போற்றப்படும் ஊரே எல்லைக்கோட்டுக்கு வெளியே போய்விடுகின்றது! தெய்வச்சிலையார் இவ்வெல்லையை ஏற்றுக்கொள்ளாமையில் வியப்பில்லை.

பன்னிரு நிலத்தின் பெயர்களாகச் சொல்லப்படுவன தென்பாண்டி, குட்டம், குடம், பூழி, அருவா, சீதம் முதலியன. அவற்றுள் ஈழம் இல்லை. செந்தமிழ் நிலத்திலும் இல்லை, அதனைச் சேர்ந்த நிலத்திலும் இல்லை. அக்கணக்கின்படி நமது முன்னோர் தமிழ் பேசினரா என்பதே ஐயத்துக்கிடம்!

ஆனால், உரைகாரர் திசைச்சொல்லுக்குக் காட்டும் உதாரணங்களை நோக்குங்கள். குட்டநாட்டார் தாயைத் 'தள்ளை' என்பர். பூழிநாட்டார் நாயை 'ஞமலி' என்பர். சீதநாட்டார் தோழியை 'இகுளை' என்பர். அருவாநாட்டார் சிறுகுளத்தைக் 'கேணி' என்பர். ஞமலியும் இகுளையும் சங்கச் செய்யுளிலே ஏறி அமர்ந்துவிட்ட சொற்கள். இன்று அவற்றை யாரும் ஊர்ப்பேச்சு என்று எள்ளுவதில்லை. அருஞ்சொல் என்று அகராதி பார்க்கிறார்கள். கேணியோ நம் நாட்டிலே வாழுஞ் சொல். கீரிமலைக் கேணியிலே நீராடிய எவருக்கும் அதற்குப் பொருள் சொல்லவேண்டியதில்லை. செய்யுள் செய்தற்குரிய நால்வகைச் சொற்களுள் ஒன்றாகத் திசைச்சொல்லைத் தொல்காப்பியர் வைத்தார் என்பதை நேயர்கள் நினைவில் வைத்திருத்தல் வேண்டும். பிற்காலத்தில் ஈழத்தில் எழுந்த ஒரு பெரும் வாதத்திலே, அவர் பெயரைச் சொல்லியே இதற்கு எதிரானதொன்று நிலைநாட்டப்பட முயன்றது.

அவ்வாதத்துக்கு வருமுன், யாழ்ப்பாணத்தாரின் தமிழ்ப் பெருமை எவ்வாறு திரண்டது என்பதைப் பார்க்கவேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலே, பேர்சிவல் பாதிரியார் யாழ்ப்பாணத்திலிருந்து விவிலிய நூலின் தமிழ் மொழிபெயர்ப்பைச் செய்வித்தார். அப்பணியில் அவருக்குத் துணை நின்றவர் அந்நாளில் இளைஞராயிருந்த ஆறுமுக நாவலர். 1848ஆம் ஆண்டில் அம்மொழிபெயர்ப்போடு இருவரும் சென்னைக்குச் சென்றனர். யாழ்ப்பாணத்துத் தமிழ் எத்தகையதோ என்ற ஐயம் அங்கே நிலவிற்று என்றும், மழவை மகாலிங்கையர் அதனைப் பார்வையிட்டுப் பாராட்டிய பின்னரே ஐயம் நீங்கியது என்றும் நாவலர் வரலாறு எழுதியோர் கூறுவர். கடல் கடந்து சென்ற தமிழ் தேர்வு எழுதி வெற்றி பெற்று மீண்ட கதையாக இதனை யாழ்ப்பாணத்தார் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி மகிழ்ந்தனர். நாவலரின் வசனநடையும் அவர் பதிப்பித்த நூல்களும் அம்மகிழ்ச்சிக்கு உரமாயின.

ஆனால் ஒன்று. சென்னையிலே வென்றது யாழ்ப்பாணத்து எழுத்துத் தமிழே. யாழ்ப்பாணத்து வீதித் தமிழன்று. நாவலர் 'உங்கை வாருங்கோ' என்று ஒரு வரியேனும் அச்சிட்டாரல்லர். எழுத்தின் புகழைப் பேச்சின் புகழாக எண்ணிக் கொண்ட மயக்கம் அன்றே தொடங்கிவிட்டது.

பேச்சிலே தூய்மை தேடுவோர் யாழ்ப்பாணத்து வீட்டுக்குள்ளே ஒருமுறை சுற்றிப் பார்ப்பாராக. அமர்வது கதிரையில், அது போர்த்துக்கேயர் தந்தது. பொருள் வைப்பது அலுமாரியில். அதுவும் அவர் தந்ததே. சமைப்பது குசினியில், துடைப்பது துவாயால், காலிலே சப்பாத்து, காலையிலே பாண். காணிக் கணக்குத் தோம்பிலே. ஒல்லாந்தர் வந்து கந்தோரைத் தந்தனர். மேசையின் லாச்சியைத் தந்தனர். வீட்டின் பின்புறத்திலே நாகரிகமாகச் சொல்லக்கூடாத ஓரிடத்துக்கும் பெயர் தந்தனர். 1619இல் யாழ்ப்பாணத்தைப் போர்த்துக்கேயர் கைப்பற்றினர், 1658இல் ஒல்லாந்தர், 1795இல் ஆங்கிலேயர். கோட்டையை விட்டுச் சென்ற ஒவ்வொருவரும் குசினியையும் கந்தோரையும் நம் நாவிலே விட்டுச் சென்றனர். இதிலே நாணுதற்கு ஒன்றுமில்லை. தூய்மை என்று முழங்குதற்கும் ஒன்றுமில்லை.

ஒலியின் கதை இன்னும் சுவையானது. 'காற்று', 'நேற்று' என்னும் சொற்களில் வரும் றகர இரட்டையைத் தமிழ்நாட்டார் பலர் தகரமாக்கிக் 'காத்து', 'நேத்து' என்பர். யாழ்ப்பாணத்தார் நுனிநாவை மேலண்ணத்தில் ஒற்றிப் பழைய முறையிலே ஒலிக்கின்றனர். ஆங்கிலச் சொற்களில் வரும் அதனையொத்த ஒலியைத் தமிழ்நாட்டார் டகரத்தால் எழுத, நாம் றகரத்தாலும் ரகரத்தாலும் எழுதுவது இதனாலேயே. அவர்களுக்கு 'டிக்கெட்', நமக்கு 'ரிக்கற்'. இது நமக்குரிய பெருமைதான். ஆனால் ழகரம்? 'வாழைப்பழம்' யாழ்ப்பாணத்திலே 'வாளைப்பளம்' ஆகும். தமிழுக்குச் சிறப்பெழுத்து என்று மேடையிலே போற்றப்படும் ழகரம் நம் பேச்சில் ளகரத்தோடு கலந்து மறைந்துவிட்டது. நமது நாட்டின் பெயரிலேயே ஒரு ழகரம் இருக்கின்றது. அதையும் 'யாப்பாணம்' என்று விழுங்கி விடுகின்றோம்.

இலக்கணத்திலும் இவ்வாறே. 'அவை' என்பது நூல்களில் அஃறிணைப் பன்மை. யாழ்ப்பாணத்திலோ, 'அவை வருகினம்' என்றால் வருவோர் மாடுகளல்லர்; சம்பந்தம் பேச வரும் மாப்பிள்ளை வீட்டார். உகரச் சுட்டைப் போற்றி வைத்த அதே பாட்டி, திணை இலக்கணத்தைத் தலைகீழாக்கி வைத்திருந்தார். ஒரு பேச்சு மொழி பழையதைக் காப்பதும் புதியதை ஆக்குவதும் ஒரே மூச்சிலே நிகழ்வன. எதைக் காப்பது எதை மாற்றுவது என்று அது பண்டிதரைக் கேட்பதில்லை.

இனிக் கிழக்குக்குச் செல்வோம். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கேயுள்ள நிலம் படுவான்கரை, கிழக்கேயுள்ளது எழுவான்கரை. ஞாயிறு படுமிடமும் எழுமிடமும் ஊரின் பெயராய் அமைந்த அழகை நான் முதன்முதல் அறிந்தது ஒரு நண்பன் வாயிலாக. யாழ்நகரிலே ஒரு கல்லூரி விடுதியிலே நாங்கள் ஒரே அறையில் இருந்தோம். படுவான்கரையிலிருந்து வந்தவன் அவன். முதல்நாள் இரவு உணவு மண்டபத்திலே, தன் பயணத்தை விவரித்துக்கொண்டு வருகையில், 'மறுகா' என்றான். பிறகு என்பது அதன் பொருள். மேசை முழுவதும் சிரித்தது. மறுநாள் விடுதியெங்கும் அவனுக்கு 'மறுகா' என்பதே பெயராயிற்று. பொறுப்பாசிரியர் ஒருவரும் அப்பெயரைச் சொல்லி அழைத்துச் சிரித்தார். அத்தவணை முடியும்வரை அவன் பிறர் முன்னிலையில் வாய் திறந்து பேசியது அரிது. வகுப்பிலே விடை தெரிந்த கேள்விக்கும் கை உயர்த்தவில்லை. சிரித்தவர்களில் நானும் ஒருவன்.

'மறுகா' என்பதை மறுகால் என்பதன் மரூஉ எனக் கொள்ளலாம். மறுமுறை, அடுத்த தரம் என்பது பொருள். சிரித்த நாங்கள் அவ்விடத்திலே என்ன சொல்வோம்? 'பேந்து' என்போம். அது 'பெயர்ந்து' என்பதன் தேய்வு. தேய்ந்த காசு ஒன்று கையிலிருக்க, வேறொரு தேய்ந்த காசைக் கண்டு நகைத்தோம் என்பதை அறிய எனக்குப் பல ஆண்டுகள் சென்றன.

அறிஞர்கள் முன்னரே அறிந்திருந்தனர். காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகள், சோழமண்டலத் தமிழையும் ஈழமண்டலத் தமிழையும் ஒப்பிட்டு ஒரு கட்டுரை எழுதினார். ஒன்றை உயர்த்தி மற்றொன்றைத் தாழ்த்தும் நோக்கம் அவருக்கு இருந்ததில்லை. 1964இல் பண்டிதர் வீ. சீ. கந்தையா 'மட்டக்களப்புத் தமிழகம்' என்ற நூலை வெளியிட்டு, அந்நாட்டின் வழக்காறுகளையும் நாட்டுப் பாடல்களையும் தொகுத்து வைத்தார். இரண்டாண்டு கழித்து, செக் நாட்டு அறிஞர் கமில் சுவெலபில், தமிழின் பேச்சு வழக்குகள் யாவற்றுள்ளும் எழுத்து வழக்கை மிக நெருங்கி நிற்பது மட்டக்களப்பு வழக்கே என்று எழுதினார். யாழ்ப்பாணத்தார் இதனை அதிகம் விளம்பரப்படுத்தவில்லை என்பதைச் சொல்லாமலிருக்க முடியவில்லை. அங்கேயே வாழும் முஸ்லிம் மக்களின் பேச்சு மற்றோர் அழகு. உம்மா, வாப்பா, காக்கா என்ற உறவுப் பெயர்களும், மௌத்து முதலிய அறபுச் சொற்களும், அயலிலுள்ள தமிழரோடு ஒத்த வயற்காட்டுச் சொற்களும் அதிலே பின்னிக் கிடக்கின்றன.

பேச்சு வழக்கு நம் நாட்டில் முதன்முதல் மதிப்போடு அரங்கேறியது எவ்வாறு? இங்கே பேராசிரியர் க. கணபதிப்பிள்ளையை நினைக்கவேண்டும். புலோலியிலே 1903இற் பிறந்தவர் அவர். இலண்டன் பல்கலைக்கழகத்திலே ஏழாம் எட்டாம் நூற்றாண்டுத் தமிழ்ச் சாசனங்களின் மொழியை ஆராய்ந்து கலாநிதிப் பட்டம் பெற்றார். கல்லெழுத்துக்களை நாட்கணக்காக நோக்கியவருக்கு ஒன்று புலனாகியிருத்தல் வேண்டும்: இன்று நாம் பிழை என்று ஒதுக்கும் உருவங்கள் பல, அரசர் ஆணையினால் கல்லிலே வெட்டப்பட்டிருக்கின்றன. அத்தகைய கல்வியோடு மீண்டவர், 'நானாடகம்' என்ற தொகுதியை 1940இல் வெளியிட்டார். 'உடையார் மிடுக்கு' முதலிய நான்கு நாடகங்கள். பாத்திரங்கள் பேசுவது யாழ்ப்பாணத்து வீட்டிலும் படலையிலும் கேட்கும் பேச்சு. மக்கள் வீட்டிலே பேசுவது போலவே அரங்கிலே ஆடுவோரும் பேசுதல் வேண்டும் என்பது அவர் கொள்கை. அதுவரை மேடையிலே வேலைக்காரனும் விருத்தம் பாடுவான். வேந்தனும் விருத்தம் பாடுவான். பேராசிரியர் ஒருவரே இவ்வாறு எழுதியபோது, 'கொச்சை' என்று எறிய நினைத்த கைகள் சற்றுத் தயங்கின. பின்னர், 1958இல், யாழ்ப்பாணப் பேச்சின் ஒலியமைப்பைப் பற்றி ஆங்கிலத்தில் அவர் எழுதிய ஆய்வு, மொழியியலாருக்கும் அதனை அறிமுகஞ் செய்தது.

அரங்குக்குப் பின் வானொலி. 1961இல் மறைந்த இலங்கையர்கோன் எழுதிய 'விதானையார் வீட்டில்' இலங்கை வானொலியில் ஒலித்த காலத்திலே எங்கள் வீட்டில் வானொலி இல்லை. அயல் வீட்டுத் திண்ணையிலே பாட்டியோடு போயிருந்து கேட்பேன். செய்தி வாசிக்கும்போது பாட்டி கால்களை மடக்கி, முந்தானையைச் சரிசெய்து, கோயிலிலே புராணப்படிப்புக் கேட்பவர் போல இருப்பார், பாதிக்குமேல் விளங்காது, விளங்காமையும் மரியாதையின் ஒரு பகுதி என்று கருதினார். நாடகம் தொடங்கியது. பாத்திரங்கள் இரண்டு வசனம் பேசியிரா. பாட்டி காலை நீட்டிக்கொண்டார். 'உது எங்கடை கதையெல்லோ!' என்றார். பெட்டிக்குள்ளிருந்து தம் பேச்சுத் தமக்கே திரும்பி வருவதை அவர் அன்றுதான் கேட்டார்.

பாட்டி அன்று சிரித்துச் சிரித்துக் கண்ணீர் துடைத்தார். இவ்விடத்தில் நாம் சற்றே நிதானிக்கவேண்டும். பேச்சு வழக்குக்கு முதலிலே திறந்துவிடப்பட்ட வாயில் நகைச்சுவை வாயில். 'நானாடகம்' நகைச்சுவை, 'விதானையார் வீட்டில்' நகைச்சுவை. சிரிப்பதற்கு ஊர்ப்பேச்சு வரலாம் என்று பண்டிதரும் இசைந்தனர். ஊர்ப்பேச்சிலே ஒருவன் அழுதால்? தன் மீது நடத்தப்பட்ட கொடுமையை அப்பேச்சிலேயே சொன்னால்? அப்பொழுதுதான் வாதம் மூண்டது.

1960களின் தொடக்கத்திலே டொமினிக் ஜீவா, கே. டானியல், எஸ். பொன்னுத்துரை முதலியோர் சாதிக் கொடுமைக்குட்பட்ட மக்களின் வாழ்வை அவர்கள் பேச்சிலேயே எழுதினர். 1960இல் வெளிவந்த ஜீவாவின் 'தண்ணீரும் கண்ணீரும்' சாகித்திய மண்டலப் பரிசைப் பெற்றது. உடனே மரபு காக்க எழுந்தோர் இதனை 'இழிசனர் வழக்கு' என்றனர். அவ்விலக்கியத்தை 'இழிசனர் இலக்கியம்' என்றனர். பண்டிதர் இளமுருகனார் அவர்களுள் முதன்மையானவர். வழக்கு என்பது உயர்ந்தோரைச் சார்ந்தது என்னும் தொல்காப்பிய விதி அவர்கள் கையிலே வாளாயிற்று. மறுபக்கத்திலே க. கைலாசபதி, கா. சிவத்தம்பி முதலிய இளம் அறிஞர்கள் நின்றனர். பத்திரிகைகளும் மேடைகளும் ஒலித்தன.

மரபாளர்களை மூடர் என்று தள்ளிவிடுதல் நேர்மையன்று. ஊருக்கு ஊர் வேறுபடும் பேச்சிலே நூல் எழுதினால் தமிழ் சிதறிப்போகும் என்ற அவர்களின் அச்சம் பொருளற்றதன்று. ஈழத்துக் கதைகளுக்கு அடிக்குறிப்பு வேண்டும் என்ற குரல் அக்காலத்திலே தமிழகத்திலிருந்தும் எழுந்ததே. ஆனால் அவர்கள் தெரிந்தெடுத்த சொல் அவர்களைக் காட்டிக் கொடுத்துவிட்டது. இலக்கணப் பிழை என்று அவர்கள் சொல்லவில்லை, 'இழிசனர்' என்றனர். வாதம் விகுதியைப் பற்றியதன்று, மனிதரைப் பற்றியது என்பது அந்த ஒரு சொல்லிலே வெளிப்பட்டது. செய்யுளிலும் திசைச்சொல்லுக்கு இடங்கொடுத்த தொல்காப்பியரை அவர்கள் அப்பொழுது நினைக்கவில்லை.

யாழ்ப்பாணப் பேச்சிலே முன்னிலைக்கு நீ, நீர், நீங்கள், தாங்கள் எனப் படிகள் உண்டு. 'நீர்' என்னும் அழகிய இடைப்படி தமிழ்நாட்டிலே பெரிதும் அருகிவிட்டது என்று நாம் பெருமை பேசுவோம். அப்படிகளில் யார் எங்கே நிற்கவேண்டும் என்பதைச் சாதி தீர்மானித்தது என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். நரைத்த கிழவரை 'நீ' என்று அழைத்தான் வெள்ளாளச் சிறுவன். அக்கிழவர் அவனை 'நயினார்' என்றார். அவன் தாயை 'நாச்சியார்' என்றார். 1957இல் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் வந்தது. தேநீர்க்கடைக் கதவைச் சட்டம் திறக்கலாம். 'நீ' என்பதை 'நீங்கள்' ஆக்கும் சட்டம் ஏது? டானியலின் 'பஞ்சமர்' 1972இல் வெளிவந்தபோது, அந்நூலின் உரையாடல்களிலே இச்சொற்கள் யாவும் பதிவாயின. அவற்றைத் 'திருத்தமான' தமிழில் மாற்றி எழுதினால், கிழவருக்கும் சிறுவனுக்கும் இடையிலிருந்த பள்ளம் தெரியாமற் போகும். ஜீவா 1966இல் தொடங்கிய 'மல்லிகை' இதழ் பல்லாண்டு நடந்தது. அதிலே ஈழத்தின் எல்லாப் பகுதிப் பேச்சும் அச்சேறிற்று. வாதத்திலே வென்றவர் யார் என்று கேட்போருக்கு வேறு விடை வேண்டியதில்லை.

மலையகத்தை நான் இதுகாறும் பேசாமல் வந்தது, ஈழத்தவர் நெடுங்காலம் செய்த அதே பிழையைச் செய்ததாகும். கோப்பித் தோட்டங்களுக்கும் பின்னர்த் தேயிலைத் தோட்டங்களுக்கும் தமிழகத்தின் பல மாவட்டங்களிலிருந்து கொண்டுவரப்பட்ட மக்கள், பல ஊர்ப்பேச்சுக்களை லயத்து அறைகளிலே ஒன்றாகக் கலந்து ஒரு புதிய பேச்சை ஆக்கினர். லயத்தின் அறை 'காம்பரா', அதன் முன்தாழ்வாரம் 'இஸ்தோப்பு', காலையிலே கூடுமிடம் 'பெரட்டுக் களம்', கொழுந்து எடுக்கும் இடம் 'மலை'. சி. வி. வேலுப்பிள்ளை அம்மக்களின் பாடல்களைத் தேடித் தொகுத்தார். யாழ்ப்பாணத்திலே அவர்களை 'வடக்கத்தியார்' என்று ஏளனமாய் அழைத்தனர். 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி அவர்களிற் பல்லாயிரவர் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டபோது, நீலகிரியிலே அவர்களுக்குக் கிடைத்த பெயர் 'சிலோன்காரர்'. இரு கரையிலும் அவர்கள் பேச்சு அயலார் பேச்சாகவே கேட்டது.

1970களிலே மீண்டும் வானொலி. 'கோமாளிகளின் கும்மாளம்' என்ற தொடர் நாடகத்திலே மரிக்கார் முஸ்லிம் வழக்கிலும், அப்புக்குட்டி யாழ்ப்பாண வழக்கிலும், ஐயர் பிராமண வழக்கிலும் பேசினர். உபாலியின் தமிழிலே சிங்களத்தின் சாயல் இருந்தது. 1976இல் அது திரைப்படமாகவும் வந்தது. ஒருவரையொருவர் நகைக்கும் நாடகம்தான். ஆயினும் எல்லாரும் ஒரே கூரையின் கீழே நின்று, ஒருவர் பேச்சு மற்றவருக்கு விளங்கி நகைத்தனர். தம் வழக்கைக் கேலிக்கு வைத்தது குறித்து முகஞ்சுளித்தோரும் இருந்திருப்பர். அவர்களைக் குறை கூற மாட்டேன்; விடுதியின் உணவு மண்டபம் என் நினைவை விட்டு நீங்கியதில்லை.

ஏழாண்டுகள் கழித்து, 1983 ஆடி மாதத்திலே, தென்னிலங்கை வீதிகளில் வழிமறிக்கப்பட்டோரைச் சிங்களத்திலே வாளிக்குரிய சொல்லைச் சொல்லச் செய்தனர். அச்சொல்லின் முதலொலி ஆங்கிலத்தில் பந்தைக் குறிக்கும் சொல்லின் முதலொலி போன்றது. தமிழ் மட்டும் பழகிய நாவுக்குச் சொல்லின் முதலில் அவ்வொலி வருதல் அரிது, பகரமாய் வலித்துவிடும். அவ்வாறு வலித்தவர் உயிர் தப்புதல் அரிதாயிற்று. யாழ்ப்பாணத்து நாவோ மட்டக்களப்பு நாவோ என்று அங்கே யாரும் கேட்கவில்லை.

1990 ஐப்பசியிலே வடக்கிலிருந்து முஸ்லிம் மக்கள் வெளியேற்றப்பட்டனர். புத்தளத்து அகதிக் குடிசைகளிலே அவர்கள் வடபுலப் பேச்சோடே வாழ்ந்தனர். கையிலே எடுத்துவர அனுமதிக்கப்பட்டவை மிகச் சில. பேச்சுக்கு எவரும் சோதனையிடவில்லை. போரினாலே கடல் கடந்த தமிழரோ கனடாவிலே தம் நகரத்தின் பெயரை 'ரொறன்ரோ' என்று கடைப்பலகைகளிலே எழுதி வைத்தனர். தமிழ்நாட்டார் 'டொரண்டோ' என்பர். அந்த ஒரு பெயரைக் கண்டே கடைக்காரர் எக்கரையிலிருந்து வந்தவர் என்று சொல்லிவிடலாம்.

என் விடுதி நண்பனும் அந்நகரிலேயே இருக்கின்றான். பல்லாண்டு எழுத்துத் தமிழுக்கு அணித்தான ஒரு தமிழையே என்னோடு பேசிவந்தான். கவனமாக, ஓரச் சொல் ஒன்றும் நழுவாமல். சென்ற தைப்பொங்கலன்று தொலைபேசியிலே அழைத்தான். பேரப்பிள்ளைகளின் ஆரவாரம் பின்னே கேட்டது. படுவான்கரையிலே வெள்ளம் வடிந்த செய்தியைச் சொன்னான். வயலைப் பற்றிச் சொன்னான். யாரோ வாசலிலே அழைத்தனர் போலும். 'வைக்கன், மறுகா கதைப்பம்' என்று சொல்லி வைத்துவிட்டான்.